ஓடாத நாளிலும் தீனி வேண்டும்: பெருந்தொற்றும் மலாயா குதிரைப் பந்தயத்தின் கணக்கும்

ஜொகூர் மாநிலத்தில் இன்று குதிரைப் பந்தயத் திடல் எதுவும் இயங்கவில்லை. ஆனாலும் ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் இருக்கும் உலு திராம் போன்ற ஊர்களுக்குப் பந்தயத் தொழில் அயலானது அல்ல. ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிய பிறகு, இந்த வட்டாரத்து மக்களில் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பாலத்தின் அக்கரையில் உட்லண்ட்ஸ், அதை அடுத்து கிராஞ்சி. 2024 வரை சிங்கப்பூர் டர்ஃப் கிளப் இயங்கியது அந்தக் கிராஞ்சியில்தான். தென் ஜொகூர்க்காரர்களுக்கு மிக அருகில் இருந்த பந்தயத் திடலும் அதுவே.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் பந்தயத் திடல்களும் மூடப்பட்டன. ஐந்தாண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், சிங்கப்பூரையும் சேர்த்து மலாயா பந்தய வட்டத்தில் இருந்த நான்கு கழகங்களில் இரண்டு பந்தயத்தை அடியோடு கைவிட்டன. நோய் ஒரு தொழிலை இவ்வளவு விரைவாகச் சாய்க்குமா, அல்லது முன்பே உள்ளீடற்றுப்போயிருந்த ஒன்றை நோய் தள்ளிவிட்டதா? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். சிங்கப்பூர், பினாங்கு, சென்னை, ஊட்டி, ஹாங்காங், பிரிட்டன் ஆகிய இடங்களின் அனுபவத்தைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகப் படுவது ஒன்று: பந்தயத் தொழிலின் நிதிநிலையைக் கழகத்தின் வரவு செலவிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டதுதான் அடிப்படைப் பிழை. லாயத்தில் நிற்கும் குதிரையிலிருந்தும் அதற்குப் புல் போடும் மனிதரிடமிருந்தும் அந்தக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும்.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

பந்தயத் தொழிலில் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, மக்கள் கட்டும் பந்தயம். டோட்டலைசேட்டர் முறையில் எல்லாரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். அதிலிருந்து அரசு வரி எடுத்துக்கொள்ளும், கழகம் தன் கழிவை எடுத்துக்கொள்ளும், மீதி வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். கழகத்துக்குக் கிடைக்கும் அந்தக் கழிவிலிருந்துதான் பரிசுத்தொகை, திடல் பராமரிப்பு, ஊழியர் சம்பளம், கால்நடை மருத்துவம் எல்லாம் நடக்க வேண்டும். இரண்டாவது வழி, குதிரையின் உரிமையாளர் பயிற்சியாளருக்கு மாதந்தோறும் கட்டும் தொகை. அதிலிருந்து பயிற்சியாளர் தீனி வாங்குகிறார், லாடம் அடிப்பவருக்குக் கூலி தருகிறார், மலாயாவில் சயிஸ் என்று அழைக்கப்படும் குதிரைக்காரருக்குச் சம்பளம் போடுகிறார்.

பந்தயப் பணம் பந்தய நாளில் மட்டுமே வரும். செலவு எல்லா நாளும் போகும். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்தீனி தேவை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். நாள்தோறும் வெளியே கொண்டுபோய் நடத்தவோ ஓட்டவோ வேண்டும்; லாயத்திலேயே கட்டிப்போட்டால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பால் வற்றிய மாட்டுக்கும் புல் அறுத்தே ஆக வேண்டும்.

ஆகவே பந்தயம் நின்ற மறு வாரமே இடைவெளி திறந்துகொள்கிறது. பரிசுத்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மாதக் கட்டணம் கட்டிவந்த உரிமையாளர் தயங்குகிறார். அவருடைய சொந்த வணிகமும் ஊரடங்கில் முடங்கியிருந்தால் கட்டணம் நின்றே போகிறது. குதிரை மட்டும் பயிற்சியாளரின் லாயத்தில் நிற்கிறது. கடைசியில் அந்தக் கடன் சம்பள பாக்கியாகக் குதிரைக்காரரின் தலையில் விழுகிறது. இடைவெளியை அடைக்கச் சேமிப்பு இருந்ததா, அந்தச் சேமிப்பு யார் கையில் இருந்தது என்பதுதான் பெருந்தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு நாட்டின் பந்தயத் தொழிலும் எதிர்கொண்ட சோதனை.

நூற்றெண்பது ஆண்டு வரலாறு

மலாயாவில் பந்தயம் பிரித்தானிய வணிகர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1842-இல் கழகம் உருவானது. ஃபேரர் பார்க்கில் 1843-இல் முதல் பந்தயம் நடந்தது. பினாங்கில் 1864-இலும், ஈப்போவில் 1886-இலும், கோலாலம்பூரில் 1896-இலும் கழகங்கள் பிறந்தன. அந்த 1896-இலேயே பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பும் உருவானது. மெட்ராஸ் ரேஸ் கிளப் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இந்தத் திடல்களின் தடம் தமிழர் வாழ்விலும் பதிந்திருக்கிறது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவை ஒட்டி வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ரேஸ் கோர்ஸ் ரோடு, பழைய ஃபேரர் பார்க் திடலின் பெயரால் அமைந்தது. பந்தயம் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. காலியான அந்தப் பழைய திடலில்தான் 1942 பிப்ரவரி 17 அன்று சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அங்கே நிகழ்ந்தது. கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கில் இருந்த சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் நிலத்தில் இன்று இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. யாழ்ப்பாண வேர்கொண்ட தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் முன்னின்று நடத்திய நிலத்திட்டம் அது. கழகம் சுங்கை பீசிக்குப் பெயர்ந்தது.

நகரம் வளரும்போதெல்லாம் பந்தயத் திடல் நகரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்விலும் நிலத்தின் மதிப்பு பந்தயத்தின் மதிப்பைத் தாண்டியிருக்கிறது. பெருந்தொற்று வந்தபோது நகர்வதற்கு ஓரம் மிச்சமில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு தொற்றுகள்

2020 ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரும் முடக்கத்துக்குள் போனது. கிராஞ்சியில் பந்தயம் ஜூலை 11 அன்று பார்வையாளர் இல்லாமல் மீண்டும் தொடங்கியது. மலேசியாவில் கட்டுப்பாடுகள் தளர்வதும் இறுகுவதுமாக 2021 வரை நீண்டன. டோட்டோ, மேக்னம் போன்ற நாலு நம்பர் கடைகள் 2020-இல் ஏறக்குறைய மூன்று மாதமும், 2021 ஜூன் முதல் மீண்டும் மூன்று மாதத்துக்கு மேலும் மூடிக் கிடந்தன. நேரில் வந்து கட்டும் வாடிக்கையாளரையே பெரிதும் நம்பியிருந்த சூதுத் துறை முழுவதற்கும் கிடைத்த அடியில் டர்ஃப் கிளப்புகளும் தப்பவில்லை.

மனிதருக்கு வந்த நோயோடு குதிரைக்கும் ஒரு நோய் அந்த ஆண்டில் வந்தது. வெளியே அதிகம் பேசப்படாத செய்தி இது. ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் 2020 மார்ச்சில் தாய்லாந்தில் உறுதிசெய்யப்பட்டது. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. கொசுவினும் சிறிய ஒருவகைக் கடிக்கும் பூச்சி பரப்பும் இந்த நோய், தாக்கிய குதிரைகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் திரங்கானுவில் அது கண்டறியப்பட்டது. இப்படிப்பட்ட நோய் ஒரு நாட்டில் இருப்பதாக அறிவிக்கப்பட்டாலே மற்ற நாடுகள் அங்கிருந்து குதிரையை ஏற்க மறுக்கும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பந்தயக் குதிரைகளைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வாங்கிவந்தன. நான்கு கழகங்களும் ஒரே வட்டமாக, குதிரைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கிராஞ்சியிலும் மாறி மாறி ஓடும்படி, அமைந்திருந்தன. மனிதர் பாலம் கடக்க முடியாத காலத்தில் குதிரையும் கடக்க முடியாமல் போனபோது, நூற்றாண்டு பழமையான அந்த வட்டம் இரண்டாகப் பிளந்தது. களத்தில் குதிரை குறைந்தால் பந்தயத்தில் விறுவிறுப்பு குறையும், கட்டும் பணம் குறையும், பரிசுத்தொகை சுருங்கும். பரிசு சுருங்கினால் புதுக் குதிரை வாங்க உரிமையாளர் முன்வருவதில்லை.

தாங்கியவர்கள் எப்படித் தாங்கினார்கள்?

உலகெங்கும் பந்தயம் ஒரே விதமாகப் பாதிக்கப்படவில்லை. பிரிட்டனில் 2020 மார்ச் 18 முதல் பந்தயம் நின்று, ஜூன் 1 அன்று நியூகாசிலில் வெற்றுத் திடலில் தொடங்கியது. பிரான்ஸ் மே 11 அன்று லோங்ஷாம்பில் திறந்தது. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி மே மாதத்திலிருந்து செப்டம்பர் 5-க்குத் தள்ளிப்போனது. ஜப்பானும் ஹாங்காங்கும் பந்தயத்தை நிறுத்தவே இல்லை. வாயிலை மட்டும் பூட்டின.

ஹாங்காங் ஜாக்கி கிளப் தன் பந்தய நிலையங்களையும் சில மாதம் மூடி வைத்தது. அப்படியும் 2019-20 பருவத்தில் பந்தயத்தில் கட்டப்பட்ட தொகை 12,160 கோடி ஹாங்காங் டாலர். முந்தைய பருவத்தைவிட 2.7 விழுக்காடுதான் குறைவு. அடுத்த பருவத்தில் அது ஏறக்குறைய 13,600 கோடியாகப் புதிய உச்சம் தொட்டது. ஜப்பானிலும் 2020-இன் மொத்தத் தொகை 2019-ஐத் தாண்டியது. இரண்டு இடங்களிலும் காரணம் ஒன்றே: தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் சட்டபூர்வமாகப் பணம் கட்டும் ஏற்பாடு பெருந்தொற்றுக்குப் பல ஆண்டு முன்பே வேரூன்றியிருந்தது. பந்தயப் பணமும் பந்தயம் நடத்தும் அமைப்பும் ஒரே கையில் இருந்தன. பிரிட்டனில், பந்தயத் தரகு நிறுவனங்களின் லாபத்திலிருந்து சட்டப்படி வசூலிக்கப்படும் 10 விழுக்காட்டு நிதி ஒரு வாரியத்திடம் இருந்தது. நெருக்கடியில் அந்த வாரியம் பரிசுத்தொகைக்குத் தன் பங்கைக் கூட்டிக் கொடுக்க முடிந்தது.

தாங்கியவர்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, ஆள் வராமலே பணம் வரும் வழி. மற்றது, நல்ல காலத்தில் ஒதுக்கி வைத்து, கெட்ட காலத்தில் தொழிலுக்கே திருப்பித் தரும் நிதி. முதலாவது சிங்கப்பூரில் இருந்தது. 2016 முதல் அங்கே இணையவழியில் பந்தயம் கட்ட அனுமதி உண்டு. அதனால் கிராஞ்சி 2020-இலேயே மூடப்படாமல் தப்பியது. ஆனால் பணம் கட்டியவர் திடலுக்கு வரும் பழக்கத்தை விட்டுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து கட்டுபவருக்குக் கிராஞ்சிக் குதிரையும் ஒன்றுதான், ஹாங்காங் குதிரையும் ஒன்றுதான்.

கிராஞ்சியும் பினாங்கும்

2010-இல் கிராஞ்சியில் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர் வந்தார்கள். அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் இரண்டு பெரிய கேசினோக்கள் திறக்கப்பட்டன. 2019-இல் வருகை 6,000 ஆகிவிட்டது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின் வந்தவர்கள் சராசரியாக 2,600 பேர் மட்டுமே. ஆக, ஏறக்குறைய பாதி வருகை நோய் வருமுன்பே குறைந்துவிட்டது. எஞ்சியதில் பாதிக்குமேல் நோய் கொண்டுபோனது. 2023 ஜூன் 5 அன்று மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அப்போது லாயங்களில் சுமார் 700 குதிரைகளும் கழகத்தில் சுமார் 350 ஊழியர்களும் இருந்தார்கள். 2024 அக்டோபர் 5 அன்று நூறாவது சிங்கப்பூர் தங்கக் கோப்பையோடு கடைசிப் பந்தயம் முடிந்தது. 120 ஹெக்டேர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்ப வேண்டும். அங்கே வீடுகள் வரும்.

பினாங்கில் உறுப்பினர்களே கழகத்தைக் கலைக்க முடிவுசெய்தார்கள். 2025 மே 31 அன்று அங்கே இறுதிப் பந்தயம் ஓடியது. 160 ஆண்டு வரலாறு முடிந்தது. எஞ்சியிருப்பவை ஈப்போவும் சுங்கை பீசியும் மட்டுமே.

வீடு தேவைப்படும் மக்களுக்கு நிலம் போவதில் தவறில்லை என்பதே என் எண்ணம். சிங்கப்பூர் பதினாறு மாத முன்னறிவிப்பு கொடுத்தது. குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் மறுவாழ்வு தேடவும் கால அவகாசம் வைத்தது. ஒரு தொழிலை மூடுவதென்றால் குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்ய வேண்டும் என்று அதை எடுத்துக்காட்டலாம்.

கிண்டியும் ஊட்டியும்

தமிழ்நாட்டின் கதை இதே பாடத்தை வேறு கோணத்தில் சொல்கிறது. கலைஞர் கருணாநிதி அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. நீண்ட வழக்குக்குப் பின் 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததால் மெட்ராஸ் ரேஸ் கிளப் பிழைத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயத்துக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. அதுவும் கழகத்தின் கழிவின்மேல் மட்டுமல்ல, கட்டும் தொகை முழுவதன்மேலும். கட்டுபவர் வரியில்லாத கள்ளப் பந்தயத்துக்கு நழுவ இதுவே ஊக்கமானது. கழிவின்மேல் மட்டுமே வரி செல்லும் என்று 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியபோதும் வழக்கு ஓயவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 40 ஆகிவிட்டது.

இப்படி மெலிந்திருந்த தொழில்மீதுதான் 2020 மார்ச் ஊரடங்கு விழுந்தது. சித்திரைப் பிறப்பை ஒட்டித் தொடங்கிவந்த ஊட்டிப் பந்தயம் அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்க வழியே இல்லாமல் போனது. அந்தப் பருவத்தை நம்பி மலையேறும் குதிரைக்காரர் முதல், பார்வையாளருக்குத் தேநீர் விற்பவர் வரை ஓராண்டு வருமானத்தை இழந்தார்கள்.

பின்னர் நிலத்தின் கணக்கு வந்தது. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்ச வாடகைக்கு இருந்தது. திருத்திய வாடகையின்படி 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கி என்றது அரசு. 2024 செப்டம்பர் 9 அன்று திடலுக்குச் சீல் வைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஊட்டியில் 52.34 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. அங்கே சொல்லப்பட்ட பாக்கி 822 கோடி. மக்களின் நிலத்தைச் சொற்ப வாடகைக்கு வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் பூட்டிய வாயிலுக்கு உள்ளேயும் குதிரைகள் இருந்தன, அவற்றைப் பராமரிக்கும் குடும்பங்கள் இருந்தன. குத்தகைப் பாக்கியைத் துல்லியமாக எழுதிய அந்தக் கணக்கில் அவர்களுக்கு இடம் எங்கே?

பேரேட்டில் இல்லாத பெயர்கள்

குதிரைக்காரரின் வேலை விடியுமுன் தொடங்கும். லாயம் கழுவுவது, தீனி கலப்பது, குதிரையை நடத்துவது, குளிப்பாட்டுவது, காலில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் அவர் கை வேலை. குதிரைக்கு நோய் வருவது மருத்துவருக்கு முன் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பெரும்பாலும் கழகத்தின் ஊழியர் அல்ல, பயிற்சியாளரின் ஊழியர். கழகம் நிவாரணம் பேசும்போது அவர் பெயர் பட்டியலில் வராமல் போவதற்கு இதுவே காரணம்.

மலேசிய அரசு 2020 ஏப்ரல் முதல் தந்த சம்பள உதவி, சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா கட்டும் உள்நாட்டுத் தொழிலாளரைக் கணக்கில் கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்து லாயத்தில் வேலை செய்பவருக்கு அதில் பங்கில்லை. உள்நாட்டவரிலும், சந்தா இல்லாமல் கையில் கூலி வாங்கியவருக்குக் கிடைக்காது. பாலத்தின் கதை இன்னும் கடினம். உலு திராம், மாசாய், ஸ்கூடாய் பகுதிகளிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள், எந்தத் துறையில் இருந்தாலும், அக்கரையில் தங்கி வேலையைக் காப்பதா, இக்கரையில் குடும்பத்தோடு இருந்து வேலையை இழப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த சிறப்பு ஏற்பாட்டிலும் குறைந்தது மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான். விலங்கைப் பராமரிப்பவரால் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது என்பதால், லாயத் தொழிலாளருக்கு இந்தத் தேர்வு மற்றவரைவிடக் கூர்மையானது.

சூதை ஏன் காப்பாற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளை எழுதுவது நேர்மையாகாது. தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் சம்பள நாளின் பணம் நம்பருக்கும் குதிரைக்கும் போய், பிள்ளையின் பள்ளிச் செலவு நின்ற வீடுகளை நாம் அறிவோம். பந்தயம் அழிந்தால் அழியட்டும் என்று சொல்லும் தாய்மாரின் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் திடல் மூடியதால் சூது குறைந்ததா? சிங்கப்பூரில் உள்ளூர்ப் பந்தயம் நின்ற பிறகும் வெளிநாட்டுக் குதிரைமேல் பணம் கட்டலாம். மலேசியாவிலும் இந்தியாவிலும் ஊரடங்கின்போது கைப்பேசியில் பெருகிய கள்ளச் சூதுக்கு வரியும் இல்லை, வயது வரம்பும் இல்லை. மறைந்தது குதிரையும் அதைச் சுற்றிய உழைப்பும். சூது இடம் மட்டும் மாறியது. எனவே இந்தத் தொழில் சுருங்குவதை எதிர்க்க வேண்டியதில்லை. சுருங்கும்போது யார்மீது பாரம் விழுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பந்தயத்திலிருந்து வரி எடுத்த அரசுக்கும், கழிவு எடுத்த கழகத்துக்கும் அந்தப் பாரத்தில் பங்கு உண்டு.

இனிச் செய்ய வேண்டியவை

ஈப்போவும் சுங்கை பீசியும் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்காவது சில ஏற்பாடுகள் இப்போதே தேவை. முதலாவது, கட்டப்படும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு சிறு பங்கு, கழகத்தின் கைக்குப் போகாமல், தனி அறங்காவலர்களிடம் சேர வேண்டும். பந்தயம் நின்றால் ஆறு மாதத் தீனியும் ஆறு மாதச் சம்பளமும் அந்த நிதி தர வேண்டும். அதே நிதியில் ஒரு பகுதி சூதுக் கடனில் சிக்கிய குடும்பங்களுக்கும் போக வேண்டும். இரண்டாவது, பயிற்சியாளரிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரும், எந்த நாட்டவராயினும், பதிவு பெற்று, காப்புறுதியும் சேமநிதியும் உடையவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத பயிற்சியாளருக்கு உரிமம் தரக் கூடாது. மூன்றாவது, குதிரையை இறக்குமதி செய்யும்போதே, அது ஓய்வு பெற்ற பின் வாழும் செலவுக்கான முன்பணத்தை உரிமையாளர் கட்ட வேண்டும். நான்காவது, குதிரைக்காரரின் கைத்திறனுக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். திடல் மூடினாலும் அந்தத் தாளைக் காட்டி அவர் ஆஸ்திரேலியாவிலோ வளைகுடாவிலோ வேலை கேட்க முடிய வேண்டும்.

ஐந்தாவதும் முக்கியமானதும் நிலம் பற்றியது. கழகம் ஒருநாள் தன் நிலத்தை விற்றாலும், அரசு அதை மீட்டாலும், அந்தப் பணத்தின் மீதான முதல் உரிமை லாயத் தொழிலாளரின் பாக்கிக்கும் குதிரைகளின் மறுவாழ்வுக்கும் என்று சட்டம் சொல்ல வேண்டும். உறுப்பினரின் பங்கும் அரசின் வருவாயும் அதற்குப் பின்னரே வர வேண்டும்.

அடுத்த தொற்று எந்த ஆண்டு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. குதிரைக்கான கொள்ளைநோய் மனிதருக்கான நோயோடு சேர்ந்தே வரலாம் என்பதை 2020 காட்டிவிட்டது. அப்போது பந்தயம் மீண்டும் நிற்கும், பாலம் மீண்டும் மூடலாம். அந்த நாளில் சம்பளமும் தீனியும் நிற்காமல் இருக்க வேண்டுமானால், அதற்கான பணத்தைத் திடலில் குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டிலேயே ஒதுக்கத் தொடங்க வேண்டும்.